பழைய காரில் கூட்டமாகக் கண்காட்சிக்கு: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கார் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்யும் முதல் காரியம் பாலிஷ் டப்பா வாங்குவது. தப்பில்லை. ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஒரு குழுவோடு சேர்ந்து வெளியூர்க் கண்காட்சிக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்றால், பாலிஷ் கடைசியில் வரவேண்டிய வேலை. மைதானத்தில் உங்கள் வண்டி நிற்கப் போவது ஒரு பகல்பொழுது. சாலையில் ஓடப் போவதோ போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வழியில் உங்கள் வண்டி மக்கர் செய்தால் நீங்கள் மட்டும் நிற்பதில்லை. பின்னால் வரும் அத்தனை பேரும் வெயிலில் நிற்பார்கள். ஆகவே புதியவர் கேட்கவேண்டிய கேள்வி “என் வண்டி பரிசு வாங்குமா?” என்பதல்ல. “என் வண்டியால் யாராவது நிற்கவேண்டி வருமா?” என்பதுதான்.

கோயம்புத்தூரை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர்; மதுரையில் ஓர் இரவு தங்கினால் பழைய வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் தாங்கும். சென்னை என்றால் சுமார் 700 கிலோமீட்டர், இன்னும் ஓர் இரவு சேர்த்துக்கொள்ளவேண்டும். முறை ஒன்றுதான்.

எந்த வண்டிகள் சேர்த்தி?

‘கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் குழு’ என்ற பெயரைக் கேட்டதும், எம்.ஜி., ட்ரையம்ஃப் போன்ற இரண்டு இருக்கை திறந்த வண்டி இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அவற்றோடு ஹெரால்டு, பத்மினி, அம்பாசடர் எல்லாம் சேர்ந்து போனால்தான் அது குழு.

ஹெரால்டு வைத்திருப்பவர் கூச்சப்படவே வேண்டாம். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறவி. அதன் சட்டகத்தைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டின் உருவத்தையும் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்த பானட்டைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். ரிப்பேருக்கு இதைவிட வசதியான பானட் கிடையாது. முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

வயதைப் பொறுத்தவரை, பழங்கார்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 30 வயதானவற்றை வரலாற்று வாகனம் என்கிறது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்கு முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்கவேண்டும். கண்காட்சிக்குக் கண்காட்சி பிரிவுகள் மாறும் என்பதால், விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று எழுதும்முன் அவர்களுடைய வரையறையைப் படித்துவிடுங்கள்.

தேதியும் பருவமும்

கண்காட்சித் தேதியை நடத்துகிறவர்கள் முடிவு செய்வார்கள். எந்தக் கண்காட்சிக்குப் போவது என்பதை நாம் முடிவு செய்யலாம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்குப் பருவம். துணிக்கூரை போட்ட வண்டிக்கும், பாதி வட்டம் மட்டும் துடைக்கும் வைப்பருக்கும் இரண்டுமே ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் விருதுநகர்ப் பக்கம் அடிக்கும் வெயிலில் பழைய ரேடியேட்டரைச் சோதிப்பது வீம்பு. பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும்வரை உள்ள நாட்களே என் தேர்வு. அதற்கு முன்னால் என்றால் சபரிமலைக்குப் போய்விட்டுக் கன்னியாகுமரி வரும் பக்தர்களின் பஸ், வேன் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று கிளட்ச் தேய்ந்துவிடும்.

விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். நாலு பக்கமும் எடுத்த படம், எஞ்சின் எண், சேசிஸ் எண், தயாரிப்பு ஆண்டு, வண்டியின் வரலாறு பற்றி நாலு வரி ஆகியவற்றைக் கேட்பார்கள். குழுவாகப் போகிறோம் என்றால் ஒரே ஆளிடம் எல்லா விண்ணப்பமும் சேரவேண்டும். மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கேட்க அது உதவும்.

காகிதங்கள்

வண்டி வேலையைவிட இதற்கு நாள் அதிகம் பிடிக்கும் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள்.

சாதாரணப் பதிவில் ஓடும் காருக்கு முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கவேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பார்கள், பெயிண்டைத் தட்டிப் பார்ப்பார்கள், ஆர்.சி. எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்ப்பதில்லை. ஆர்.சி. இன்னும் பழைய புத்தகமாகவே இருந்தால், அது ‘வாகன்’ என்ற அரசுக் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். ஏறாமல் இருந்தால் இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபாஸ்டேக் எல்லாவற்றிலும் தடங்கல் வரும்.

எல்லைக்கு அப்பால் வாங்கிய வண்டிகள் நம்மிடம் நிறைய உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளா என்பதால், கே.எல். எண்ணோடு வந்து, இங்கேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்குமேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்காமல் இது நகராது.

50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி தனிப் பதிவு உண்டு. எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும். வண்டி அடிப்படை மாற்றங்கள் இல்லாமல் அசல் வடிவில் இருக்கவேண்டும். கவனிக்கவேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. இந்தப் பதிவில் இருக்கும் வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போக முடியாது. ஆகவே கண்காட்சியின் அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வண்டியிலேயே வையுங்கள். சோதனைச் சாவடியில் அந்த ஒரு தாள் உங்களைக் காப்பாற்றும். வண்டியை அவ்வப்போது எடுத்து ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது மேல் என்பது என் எண்ணம்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதற்குமேல் எடுப்பதாக இருந்தால், வண்டியின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி கிடைக்குமா என்று கேளுங்கள். சாதாரண தேய்மானக் கணக்கில் ஐம்பது வயது வண்டிக்கு இரும்பு விலைதான் மிஞ்சும். ஃபாஸ்டேக் கட்டாயம், இல்லையென்றால் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்டவேண்டி வரும்.

வண்டியைத் தயார் செய்தல்: பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள்

“பெயிண்டை நான் பார்க்கவில்லை மக்கா, குழாயைக் காட்டு” என்பார் எங்களுக்கு வேலை பார்க்கும் வயதான மெக்கானிக். அவர் சொல்வது பெட்ரோல் குழாயை. பானட்டைத் திறந்ததும் அவர் விரல் முதலில் போவது பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் அந்த ஒரு சாண் ரப்பர்க் குழாய்க்குத்தான். அதை இரண்டு விரலால் மடக்கிப் பார்ப்பார். வளைவில் நரம்பு நரம்பாக வெடிப்பு தெரிந்தால், மீதி எதையும் பார்க்காமல் எழுந்துவிடுவார்.

அதற்குக் காரணம் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த வண்டிகளைச் செய்தவர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். கார்புரேட்டருக்குள் உள்ள கார்க், ரப்பர் வாஷர்களும் அப்படித்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. கடல்காற்று அடிக்கும் நம் ஊரில் மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிற்கும் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். செய்யவேண்டியவை: எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றுங்கள், எல்லா முனையிலும் கிளிப் புதிதாகப் போடுங்கள், டேங்கை இறக்கிக் கழுவுங்கள், பம்புக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று வையுங்கள். உள்ளே துரு வருகிறதா என்று நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் எட்டிப் பார்க்கலாம். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் கசிந்தால் தீ. அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

அடுத்த தொல்லையும் பெட்ரோல்தான். பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே இருக்கும், சூடு நேராக ஏறும். பெட்ரோலின் இலகுவான பகுதி குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் உறிஞ்சும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. இதை மெக்கானிக்குகள் வேப்பர் லாக் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதைவிட, டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது இது அதிகம் வரும். விசிறி நின்றுவிடுவதால் எஞ்சின் சூடு முழுவதும் மேலே ஏறிக்கொள்ளும். அப்படி நின்றால் பதறாதீர்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி போடுங்கள், கால்மணி நேரம் காத்திருங்கள். சூடான எஞ்சின்மேலோ சைலென்சர் குழாய்மேலோ தண்ணீரை வாரி ஊற்றக்கூடாது; வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

நிறுத்திய சூட்டில் கார்புரேட்டரில் பெட்ரோல் பொங்கி வழிந்து ‘ஃப்ளட்’ ஆவது இதற்கு நேர் எதிரானது. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறும். அப்போது ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் கெடும். முழுவதும் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் உபரிப் பெட்ரோல் வெளியேறி எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வழித் தகராறு தீர்ந்தது.

ரேடியேட்டரில் உப்புப் படிந்திருந்தால் பட்டறையில் கழற்றிச் சுத்தம் செய்து, மூடியின் ரப்பரையும் மாற்றுங்கள். மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். மெத்தென்றும் இருக்கக்கூடாது, கட்டையாகவும் இருக்கக்கூடாது. ஃபேன் பெல்ட் புதிது.

பிரேக்குக்கு வருவோம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; நீண்ட பிரேக் பிடியில் அந்த ஈரம் கொதித்தால் மிதி தரையோடு போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றவேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் வாஷர்களைக் கிளம்பும் முந்தைய வாரம் மாற்றாதீர்கள். ஒரு மாதம் முன்னால் மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். இந்த விதி எல்லா வேலைக்கும் பொருந்தும்: கடைசி வாரத்தில் எதையும் கழற்றக்கூடாது.

டயரில் பட்டனை, அதாவது மேற்பரப்பின் வரிப்பள்ளத்தை, பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. ஓடாமலேயே நிற்கும் வண்டியில் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். ஆறு ஆண்டு தாண்டினால் உற்றுப் பார்க்க ஆரம்பியுங்கள், பத்து ஆண்டு தாண்டினால் பேச்சே வேண்டாம். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹெரால்டுக்கு 13 அங்குலம், பத்மினிக்கு 14, அம்பாசடருக்கு 15. இந்தப் பழைய அளவுகளை நெடுஞ்சாலை டயர்க் கடையில் எதிர்பார்க்கமுடியாது.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், எம்.ஜி.யின் எம்.ஜி.பி. மாடலில் 1967 வரை அப்படித்தான். வழியில் ஒரு பேட்டரிக் கடைப் பையன் பழக்க தோஷத்தில் கறுப்பு வயரைப் பாடியில் மாட்டினால் கதை முடிந்தது. பேட்டரிக்கு மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். டைனமோ வண்டிகள் ஐட்லிங்கில் சார்ஜ் ஏற்றாது என்பதால், ஹெட்லைட் போட்டு நெரிசலில் ஊர்ந்தால் பேட்டரி இறங்கும். இருட்டுவதற்குள் ஊர் சேரும்படி திட்டமிடுவது இதற்காகத்தான்.

டிக்கியில் என்ன இருக்கவேண்டும்

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், ஒரு செட் ஸ்பார்க் பிளக், காயில், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டும், கிளிப் ஒரு பிடி, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஃபியூஸ், பல்பு, கிளட்ச் மற்றும் ஆக்சிலேட்டர் கேபிள், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், பத்து லிட்டர் தண்ணீர், இழுவைக் கயிறு, கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், ஜாக்கி. இவற்றோடு தீயணைப்பான் ஒன்றும் டிக்கியில் அல்லாமல் ஓட்டுகிறவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

ஒரே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் பேசிவைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் எல்லாரும் சுமக்கவேண்டாம். இரண்டு பத்மினிக்கு ஒரு டைனமோ போதும். ஸ்பானர்களில் ஜாக்கிரதை: பிரிட்டிஷ் வண்டிக்கு அங்குல அளவு, ஃபியட் வழி வந்த பத்மினிக்கு மில்லிமீட்டர். பக்கத்து வண்டிக்காரர் பை உங்களுக்கு உதவாமல் போகலாம்.

வெள்ளோட்டம்

ஒரு மாதத்துக்கு முன்னால் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். முதலில் தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை. ஏற்றத்தில் எஞ்சினும், இறக்கத்தில் பிரேக்கும் எப்படி என்று தெரியும். ரப்பர்த் தோட்ட நிழலில் நின்று சரி செய்துகொள்ளவும் வசதி. அடுத்து, சாயங்கால நெரிசலில் மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளை வரை. சூடு ஏறும் வண்டி அங்கே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் ஆரல்வாய்மொழி வழியாகப் பணகுடி வரை நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில். இந்த மூன்றும் தாண்டிய வண்டி மதுரை போகும். தாண்டாத வண்டியைத் தட்டையான லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதில் அவமானம் ஒன்றும் இல்லை. மிகப் பழைய, விலைமதிப்புள்ள வண்டிகளை அப்படித்தான் கொண்டுவருகிறார்கள்.

வரிசையில் ஓட்டுவது

குழுவின் வேகம் என்பது அதிலேயே மெதுவான வண்டியின் வேகம். அந்த வண்டியை முன்வரிசையில் விடவேண்டும். கடைசியில் விட்டால் அது துரத்தித் துரத்தி எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளும். மணிக்கு 60 கிலோமீட்டர், இடப்பக்கத் தடம். அதற்குமேல் போக முடிகிற வண்டி வைத்திருப்பவருக்கு இது கசக்கும், தெரியும். கசந்தாலும் குழு குழுதான்.

ஐந்து வண்டிக்குமேல் இருந்தால் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். பத்து வண்டி ஒட்டிக்கொண்டு போனால் முந்துகிற பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. முன்னால் போகிற வண்டியோடு தாராளமாக இடைவெளி விடுங்கள். டிரம் பிரேக் வண்டி நிற்க எடுக்கும் தூரம் இன்றைய காரைவிட நிறைய அதிகம். அந்த இடைவெளியில் யாராவது புது கார்க்காரர் நுழைவார். நுழையட்டும்.

மிகப் பயனுள்ள விதி இது: ஒவ்வொருவரும் கண்ணாடியில் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. அது தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். திருப்பத்தில் அது வந்து சேரும்வரை நில்லுங்கள். எல்லாரும் இதைச் செய்தால் யாரும் தொலையமாட்டார்கள், தொலைபேசியும் தேவைப்படாது. வரிசையின் கடைசியில் மெக்கானிக்கோடு இன்றைய வண்டி ஒன்று வரவேண்டும். ஒரு பழைய வண்டி நின்றால் அதோடு கடைசி வண்டி மட்டும் நிற்கும். மற்றவர்கள் அடுத்து முடிவுசெய்த இடத்தில் போய்க் காத்திருப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பத்து வண்டியும் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வது ஆபத்து, பயனும் இல்லை.

பாதை

விடியும்போது நாகர்கோவிலை விட்டுக் கிளம்புங்கள். தோவாளையில் பூச்சந்தை நாளின் பரபரப்பில் இருக்கும். பூ மூட்டை ஏற்றிய வேன்களும் இருசக்கர வண்டிகளும் சாலையோரத்தில் எப்படியும் திரும்பும். அங்கே மெதுவாகப் போங்கள். பானட்டுக்கு மாலை வாங்க ஆசை இருந்தால் வாங்கி உள்ளே வையுங்கள், ரேடியேட்டர் கிரில்லில் கட்டாதீர்கள், காற்று அடைபடும். ஆரல்வாய்மொழி நெருங்கும்போது சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். முன்கண்ணாடியை முதல்நாள் இரவே உள்பக்கமும் துடைத்து வைத்திருந்தால் அந்தக் கொஞ்ச தூரம் கண் கூசாது.

முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. மலைக்கணவாய் வழியாக வரும் காற்று தென்மேற்குப் பருவ மாதங்களில் இலேசான வண்டியைத் தடம் மாற்றித் தள்ளும். காவல்கிணற்றில் வடக்கே திரும்பி நான்குவழிச் சாலையில் ஏறியதும் அது இடப்பக்கத்திலிருந்து வரும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். முந்தி வெளியே வந்த நொடியில் மறுபடி அறையும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். ஜனவரியில் இந்தத் தொந்தரவு குறைவு.

நாங்குநேரியில் ஒரு சுங்கச்சாவடி. பிறகு கயத்தாறுக்கு அருகே சாலைப்புதூர், சாத்தூர்ப் பக்கம் எட்டூர்வட்டம், திருமங்கலத்துக்கு அருகே கப்பலூர். வரிசையில் நிற்கும்போது வெப்பமானியில் கண் வையுங்கள். முள் ஏறினால் நியூட்ரலில் போட்டு ஐட்லிங்கை இலேசாகக் கூட்டுங்கள்; விசிறி வேகம் எடுக்கும்.

ஏறத்தாழ 50 முதல் 80 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். திருநெல்வேலி புறவழியில் முதலாவது, கோவில்பட்டியில் இரண்டாவது, விருதுநகரில் மூன்றாவது. நிறுத்தியதும் டீக்கடைக்கு ஓடாமல், ஐந்து நிமிடம் வண்டியோடு இருங்கள். நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகப் பார்க்கிறது. குனிந்து அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு போய்க் கடலை மிட்டாய் வாங்கலாம். சூட்டில் ரேடியேட்டர் மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதீர்கள்.

மதுரையில் கூரையும் காவலாளியும் உள்ள நிறுத்துமிடம் இருக்கும் விடுதியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ராத்திரி பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து ரோட்டாரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், சாவி இருந்தாலும் எவனாலும் கிளப்ப முடியாது. மறுநாள் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகக் கோயம்புத்தூர். பிற்பகலில் சேர்ந்துவிடலாம். நேரம் இருந்தால் அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். உங்கள் வண்டியின் அண்ணன் தம்பிகள் கழுவித் துடைத்து அங்கே நிற்கலாம். எந்தத் திருகு அசல், எது பிற்காலச் சேர்க்கை என்று ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம்.

மைதானத்தில்

இப்போது பாலிஷ் டப்பாவை எடுக்கலாம். ஆனால் உயர் அழுத்தத் தண்ணீரை எஞ்சின்மேல் அடிக்கவேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போனால், நடுவர் முன்னால் “ஸ்டார்ட் செய்யுங்கள்” என்று கேட்கும்போது வண்டி இருமும்.

பல கண்காட்சிகளில் நடுவர்கள் வண்டியை ஓடவிட்டு, விளக்கு, ஹார்ன், வைப்பர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பெயிண்ட், உள்பக்கம், எஞ்சின் அறை, அடிப்பகுதி என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவது வழக்கம். அசலுக்குத்தான் மரியாதை. புதிதாகப் பளபளக்கும் அலாய் வீல் போட்ட வண்டியைவிட, மங்கினாலும் சொந்த ஹப் கேப் உள்ள வண்டி முன்னால் நிற்கும். ஏதாவது பாகம் மாற்றியிருந்தால் கேட்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். பழைய எஞ்சின் ஆயில் சொட்டாமல் இருக்காது, புல்தரைக்காரர் சண்டைக்கு வருவார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். தயாரிப்பு ஆண்டு, எஞ்சின் அளவு, எங்கே தயாரானது, யாரிடமெல்லாம் இருந்தது என்று தமிழில் ஒரு பலகை எழுதி நிறுத்தினால் நூறுமுறை அதே பதிலைச் சொல்லவேண்டாம். “தொடாதே” என்று பலகை வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு குழந்தையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுக்கவிட்டால் என்ன குறைந்துவிடும்? பெல்ட் பக்கிளும் பையும் கதவில் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நேரத்தைக் குறைத்து, மற்ற வண்டிக்காரர்களோடு பேசுங்கள். உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் கார்புரேட்டர் வேலை தெரிந்தவர் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களை நேரில் பார்த்த பெரியவர் யாராவது வந்திருந்தால், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

திரும்பும்போதும், திரும்பிய பிறகும்

பரிசளிப்பு முடிந்த கையோடு இரவில் கிளம்பாதீர்கள். களைப்பும் மங்கிய ஹெட்லைட்டும் சேர்ந்தால் ஆபத்து. மறுநாள் காலையில் ஆயில், தண்ணீர், சக்கர நட்டு மூன்றையும் பார்த்துவிட்டு, வந்த வழியே அதே வேகத்தில் வாருங்கள்.

வீடு வந்ததும் குழுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மெக்கானிக்கின் கூலி, சாப்பாடு, தங்கும் செலவு, கடைசி வண்டியின் டீசல் ஆகியவற்றை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்வது முறை. யாருடைய வண்டி நின்றதோ அவர் தலையில் கட்டினால், அடுத்த பயணத்துக்கு அவர் வரமாட்டார். பழுதான பாகத்தின் விலை மட்டும் அவரவருடையது.

வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் வெயிலில் நிறுத்துங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் கதவின் அடிவிளிம்பிலும் சட்டக மூட்டுகளிலும் பழைய எஞ்சின் ஆயிலை ஒரு பூச்சாகத் தடவுவது நல்லது. டேங்கில் பெட்ரோலை நிறுத்திவைக்காமல் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். ஈரம் முழுதும் காயும்முன் உறையைப் போட்டு மூடாதீர்கள்.